வாதுமையும் சர்க்கரையும்: ஒரு விருந்துப் பண்டத்தின் வரலாறு



ஆங்கிலேயரின் மாலைத் தேநீர் விருந்தில் தட்டுகளில் அடுக்கப்படும் பண்டங்களுள் டார்ட் என்பது ஒன்று. சிறிய டார்ட் உள்ளங்கையில் அடங்கிவிடும். கோதுமை மாவுடன் அதன் எடையில் பாதியளவு வெண்ணெயைச் சேர்த்து, சிறிது நீர் தெளித்துப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்துச் சிறு தகர அச்சுகளில் பதிக்கின்றனர். அவ்வாறு அமைந்த மாவுக் கிண்ணத்தின் அடியில், பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சிய ஜாமைப் பரப்புகின்றனர். அதன் மேல் வாதுமைப் பொடி, வெண்ணெய், சர்க்கரை ஆகிய மூன்றையும் சம எடையாக எடுத்து, முட்டை சேர்த்துக் குழைத்த கலவையை இடுகின்றனர். ரொட்டி அடுப்பில், 180 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில், அரை மணி நேரத்திற்குள் மேற்புறம் உப்பிப் பொன்னிறம் பெறுகிறது. ஜாமுக்குப் பதிலாகச் செர்ரி, பேரி, பிளம் முதலிய பழங்களையே பதித்துச் சுடுவதும் உண்டு. பழத்திலிருந்து ஒழுகும் சாற்றை வாதுமைக் கலவை உறிஞ்சிக்கொள்வதால் அடியிலுள்ள மாவு நைந்துபோவதில்லை.

இன்று இது கடைகளில் பெட்டி பெட்டியாக விற்கும் எளிய பண்டம். 600 ஆண்டுகளுக்கு முன்னரோ, வாதுமையும் சர்க்கரையும் சேர்ந்த பண்டத்தை இங்கிலாந்தில் அரசரும் பிரபுக்களுமே உண்ண முடிந்தது. அரண்மனைப் பண்டம் ஆலைத் தொழிலாளியின் வீட்டிற்கு எவ்வாறு வந்தது? அது அவ்வளவு மலிவாவதற்கு விலை கொடுத்தவர் யார்? இவ்விரு வினாக்களையும் இன்று எடுத்துக்கொள்கிறேன். முதல் வினாவைப் பாடப்புத்தகங்கள் எப்போதாவது கேட்கும். இரண்டாவதை அவை கேட்டு நான் பார்த்தது அரிது.

முதலில் வாதுமையைப் பார்ப்போம். பாதாம் என்பது பாரசீகச் சொல். அம்மரமும் மேற்கு ஆசிய, நடு ஆசியப் பகுதிகளுக்கு உரியது. காட்டு வாதுமையின் பருப்பு கசக்கும், கசப்பதோடு நஞ்சுமாகும். அதிலுள்ள அமிக்டலின் என்னும் பொருள், பருப்பை மெல்லும்போது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடுகிறது. இயற்கையில் எங்கோ சில மரங்களில் நேர்ந்த ஒரு மரபணு மாற்றத்தால் அக்கசப்பு நீங்கியது. அம்மரங்களைக் கண்டு தேர்ந்து, அவற்றின் விதைகளையே மீண்டும் மீண்டும் நட்டுவந்த உழவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்த மாற்றம் எந்த மரபணுவில் நேர்ந்தது என்பதை அறிவியலார் 2019ஆம் ஆண்டில்தான் கண்டறிந்து வெளியிட்டனர். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையில் வைக்கப்பட்டிருந்த உணவுப் பொருள்களுள் வாதுமையும் ஒன்று.

வாதுமையைச் சர்க்கரையோடு சேர்த்த பெருமை அராபியருக்கும் பாரசீகருக்கும் உரியது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் இப்னு சய்யார் அல்வர்ராக் என்பவர் தொகுத்த சமையல் நூல் இன்றும் கிடைக்கிறது. அதில் லவ்ஸினஜ் என்னும் பண்டம் பல வகையாகச் சொல்லப்பட்டுள்ளது. லவ்ஸ் என்றால் அரபு மொழியில் வாதுமை. அரைத்த வாதுமையையும் சர்க்கரையையும் பன்னீர் விட்டுப் பிசைந்து, மிக மெல்லிய மாவுத் தகட்டில் சுருட்டி வைப்பது அப்பண்டம். நாம் பேசும் டார்ட்டுக்கு அதுவே மூதாதை என்று நேராகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் மாவுக்குள் இனிப்பு வாதுமை என்னும் எண்ணம் அங்கே முழு உருப்பெற்றிருந்தது என்பதில் ஐயமில்லை.

அச்சர்க்கரை நம் நாட்டிலிருந்து சென்றது. கரும்பு முதலில் நியூகினித் தீவில் பயிரானதென்பர். ஆனால் அதன் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாகவும் மணலாகவும் ஆக்கும் கலையை வளர்த்தது இந்தியா. அலெக்சாந்தருடன் வந்த கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், தேனீக்கள் இன்றியே தேன் தரும் நாணல் இந்தியாவில் உண்டென வியந்து எழுதியிருந்தார். சர்க்கரா என்னும் வடசொல்லுக்குப் பருமணல் என்பது பழைய பொருள். அச்சொல் பாரசீகத்தில் ஷக்கர் ஆயிற்று. அரபில் சுக்கர் ஆயிற்று. ஆங்கிலத்தில் சுகர் ஆயிற்று. நம் வீடுகளிலோ சர்க்கரை என்கிறோம், தென் மாவட்டங்களில் சீனி என்கிறோம். என் தலைமுறையினர் சிலர் அஸ்கா என்றே சொல்வர். சீனி என்பது சீன தேசத்தையும், அஸ்கா என்பது முன்பு சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் மாவட்டத்து ஆலை ஊரையும் நினைவூட்டும் பெயர்கள். ஒரு பொருள் எவ்வெவ்வழியாக வந்தது என்பதை அதன் பெயர்களே காட்டிக்கொடுக்கும்.

அராபியர் ஆட்சியோடு கரும்பும் எகிப்து, சிசிலி, ஸ்பெயின் ஆகிய இடங்களுக்குப் பரவியது. அங்கிருந்தும், சிலுவைப் போர்களுக்குப் பின் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலிருந்தும் சர்க்கரை வட ஐரோப்பாவை அடைந்தது. அந்நாளில் அது மிளகு, கிராம்பு போன்ற வாசனைப் பொருள்களோடு வைத்து எண்ணப்பட்டது. மருத்துவர்கள் அதை மருந்தாகவும் கொடுத்தனர். வாதுமைக்கோ அங்கே வேறொரு தேவை காத்திருந்தது. கிறித்தவர்களின் 40 நாள் தவக்காலத்திலும் பிற நோன்பு நாட்களிலும் இறைச்சி கூடாது. முட்டையும் பாலும் வெண்ணெயும்கூட விலக்கு. செல்வர்களின் சமையற்காரர்கள் ஒரு வழி கண்டனர். நாம் தேங்காய்ப்பால் எடுப்பது போலவே வாதுமையை இடித்து, வெந்நீர் விட்டுப் பிழிந்து பால் எடுத்தனர். இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் தலைமைச் சமையற்காரர்கள் 1390ஆம் ஆண்டையொட்டித் தொகுத்த ஃபார்ம் ஆஃப் கியூரி என்னும் ஏட்டைப் புரட்டினால் வாதுமைப்பால் மீண்டும் மீண்டும் வருகிறது. நோன்பிருப்பவர் உண்ணும் பொருளே நாட்டில் மிக விலை உயர்ந்த பொருள்களுள் ஒன்றாக இருந்தது! ஏழையின் நோன்புக்குக் கருவாட்டு மீனும் பட்டாணிக் கூழும் போதுமாயிருந்தன. மாவினால் செய்த கூட்டுக்கு அக்காலத்தில் காஃபின் என்று பெயர். பெட்டி என்பதே அதன் பொருள். இன்று அச்சொல் பிணப்பெட்டியை மட்டுமே குறிப்பதால் பழைய குறிப்புகளைப் படிக்கும் மாணவர் திடுக்கிட வேண்டியதில்லை.

டார்ட்டினுள் இடும் வாதுமைக் கலவையைச் சமையல் வல்லார் ஃபிராஞ்சிபானி என்பர். பிராங்கிபானி என்ற இத்தாலியப் பிரபுக் குடும்பத்தார் ஒருவர் கையுறைகளுக்கு ஊட்ட ஒரு வாசனைத் திரவியம் செய்தார் என்றும், பாரிஸ் நகரில் புகழ்பெற்ற அதன் பெயரே இனிப்புக்கும் வந்ததென்றும் கூறுவர். அதே வாசனையை ஒத்திருந்தமையால் அமெரிக்கக் கண்டத்துப் பூமரம் ஒன்றுக்கும் அப்பெயர் வந்தது. நம் கோயில் முற்றங்களில் வெள்ளையும் மஞ்சளுமாக உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரியே அம்மரம். பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் இக்கலை நன்கு வேரூன்றிவிட்டது. அக்காலத்துப் பாரிஸ் மாநகரில் ராகனோ என்றொரு பண்டக்கடைக்காரர் இருந்தார். கடையை விட்டு நாடகக் குழுவோடு போய்விட்டவர். எட்மண்ட் ரோஸ்தான் 1897இல் அரங்கேற்றிய சிரானோ நாடகத்தில், அவர் வாதுமை டார்ட் செய்யும் முறையைச் செய்யுளாகவே பாடுகிறார்.

இங்கிலாந்தில் இப்பண்டத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட ஊர் டார்பிஷையர் மாவட்டத்திலுள்ள பேக்வெல். அவ்வூர்க் கதை ஒன்றுண்டு. கிரீவ்ஸ் அம்மையார் நடத்திய ஒயிட் ஹார்ஸ் என்னும் விடுதியில், சமையற்காரி சொன்னதைச் சரியாக விளங்கிக்கொள்ளாமல், மாவில் கலக்கவேண்டிய முட்டையையும் வாதுமையையும் ஜாமின் மேல் ஊற்றிவிட்டாளாம். விருந்தினர் அதையே புகழ்ந்தனராம். கேட்க இனிய கதை. ஆனால் ஒருவர் இது நடந்தது 1820 என்கிறார். மற்றொருவர் 1860 என்கிறார். இப்பண்டத்தின் செய்முறையோ 1836ஆம் ஆண்டிலேயே இலண்டன் இதழொன்றில் அச்சாகிவிட்டது. இலைசா ஆக்டன் அம்மையார் 1845இல் வெளியிட்ட சமையல் நூலில் பேக்வெல் புட்டிங்கைச் சேர்த்ததோடு, டார்பிஷையரில் மட்டுமன்றி வட மாவட்டங்கள் பலவற்றிலும் அது விழா நாட்களில் பரிமாறப்படுவதாகவும் குறித்தார். 1860இல் தற்செயலாகப் பிறந்த பண்டம் 1845இல் புகழோடு இருந்திருக்க முடியாதன்றோ? அன்றியும், பழப்பாகின் மேல் முட்டைக் கலவையை ஊற்றிச் சுடும் வழக்கம் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்ததுதான். தற்செயல் கதைகளை ஊர்கள் விரும்புகின்றன. வரலாறு படிப்போர் அவற்றை ரசிக்கலாம். ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம்பலாம். அந்தப் புட்டிங்கினின்றும் பின்னாளில் தோன்றியதே இன்றைய பேக்வெல் டார்ட்.

இப்போது சர்க்கரைக்குத் திரும்புவோம். ஜாம் கெடாமல் உறைய வேண்டுமாயின் பழத்தின் எடைக்கு ஏறத்தாழச் சமமான சர்க்கரை வேண்டும். மேலே இடும் கலவையில் வாதுமை எவ்வளவோ அவ்வளவு சர்க்கரை. எனவே டார்ட்டில் வாதுமையைக் காட்டிலும் சர்க்கரையே மிகுதி. சர்க்கரை அரிதாயிருந்தவரை இது அரண்மனையை விட்டு வெளியே வர வழியில்லை. அவ்வழியைத் திறந்தவை மேற்கிந்தியத் தீவுகள். 1627இல் ஆங்கிலேயர் பார்படோஸ் தீவில் குடியேறினர். 1640களில் அங்கே கரும்பு பெருகியது. 1655இல் ஜமைக்கா அவர்கள் வசமாயிற்று. இங்கிலாந்தில் ஒருவர் ஓர் ஆண்டில் உண்ட சர்க்கரை 1700ஆம் ஆண்டையொட்டிச் சுமார் 4 பவுண்டு எடை. 1800இல் சுமார் 18 பவுண்டு. ஒரு நூற்றாண்டில் நான்கு மடங்குக்கு மேல்.

அக்கரும்பை வெட்டியவர் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். ஐரோப்பியக் கப்பல்கள் அட்லாண்டிக் கடல் வழியே ஏற்றிச் சென்ற மக்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம். உயிரோடு கரை சேர்ந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம். இடையிலுள்ள எண்ணிக்கையைக் கணக்குப் பாடமாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். வெட்டிய கரும்பை உடனே ஆட்டாவிடில் சாறு புளித்துவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலைகள் இரவும் பகலும் ஓடின. உறக்கமின்றி உருளைகளுக்குள் கரும்பைச் செருகுபவரின் விரல் சிக்கினால் கை முழுதும் உள்ளே போகும். அக்கையை வெட்டி உயிரையேனும் காப்பதற்காக உருளையின் பக்கத்தில் கோடரி ஒன்றை வைத்திருந்தனர் என்று அக்காலத்தார் எழுதியுள்ளனர். வால்டேர் 1759இல் வெளியிட்ட காந்தீத் என்னும் கதையில், இவ்வாறு கை இழந்த அடிமை ஒருவனை வழியில் கிடத்தி, ஐரோப்பியரின் இனிப்புக்கு ஈடாகச் செல்வது எது என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு மிகுதி. குறைந்த தொகையை ஈடுசெய்யப் புதிய கப்பல்கள் வந்தவண்ணம் இருந்தன.

1791 ஏப்ரலில் அடிமை வாணிகத்தை ஒழிக்கக் கொண்டுவரப்பட்ட தீர்மானத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 163க்கு 88 என்ற வாக்குகளால் தள்ளிவிட்டது. பாராளுமன்றம் கைவிட்டதை வீட்டு அடுக்களைகள் எடுத்துக்கொண்டன. வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் அவ்வாண்டே ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். வாரம் 5 பவுண்டு சர்க்கரை செலவிடும் குடும்பம் 21 மாதம் அதை விலக்கினால், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கு எவ்வளவு துல்லியம் என்று வாதிக்கலாம். ஆனால் தேநீர்க் கோப்பைக்கும் தொலைதூரத் தோட்டத்திற்கும் இடையே அவர் இட்ட கோட்டை எவராலும் அழிக்க முடியவில்லை. மேற்கிந்தியச் சர்க்கரையை விலக்கியோர் 3,00,000 பேர் இருக்கலாமெனத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அந்நியத் துணியை விலக்கிய நம் நாட்டு இயக்கத்தை அறிந்தவர்களுக்கு இம்முறையின் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

அடிமை வாணிகம் 1807இல் சட்டப்படி நின்றது; அடிமைத்தனம் நிற்கவில்லை. 1823இல் தோன்றிய சங்கத்தின் பெரியோர்கள் அதைப் படிப்படியாக ஒழிக்கலாம் என்றனர். 1824இல் லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக் என்னும் அம்மையார், படிப்படியாக அன்று, உடனே ஒழிக்க வேண்டும் என்று பிரசுரம் எழுதினார். தம் ஊரில் வீடுவீடாகச் சென்று சர்க்கரையை விலக்கச் சொன்னார். மறு ஆண்டு செஃபீல்ட் நகரப் பெண்கள் தமக்கென ஓர் அடிமை ஒழிப்புச் சங்கம் அமைத்தனர். செஃபீல்ட், பேக்வெல்லுக்கு 15 மைல் அளவில் உள்ள ஊர். பேக்வெல் புட்டிங் புகழ்பெற்று வந்த அதே காலத்தில், அடுத்த நகரத்துப் பெண்கள் எந்தச் சர்க்கரையை அடுப்படிக்குள் விடலாம் என்று கதவு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வில்பர்ஃபோர்ஸ் போன்ற தலைவரே பெண்கள் இவ்வாறு வெளிவருவதை விரும்பவில்லை. ஆனால் வீட்டுக்கு என்ன வாங்குவது என்பது அவர்கள் கையில் இருந்தது. 1830இல் அச்சங்கம் படிப்படியாக என்னும் சொல்லை விட்டுவிட்டது. ஹெய்ரிக் அம்மையார் 1831இல் காலமானார். சட்டத்தைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இந்த விலக்கல் இயக்கத்தில் இந்தியாவும் வருகிறது. அடிமைகளால் செய்யப்படாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுத்துப் பொறித்த பீங்கான் கிண்ணங்களை அக்காலத்து வீடுகள் மேசைமேல் வைத்தன. அவற்றுள் ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. நாம் இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்வதற்கில்லை. நம் நாட்டிலும் நிலத்தோடு கட்டுண்ட அடிமைகள் இருந்தனர். இந்தியாவில் அடிமைத்தனத்திற்குச் சட்டம் தந்த ஆதரவை நீக்கியது 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். கிண்ணங்கள் அதற்கு முந்தியவை.

1833இல் நிறைவேறிய ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பயிற்சிக் காலம் என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பு 1838இல் முடிந்தது. நஷ்ட ஈடாக 2 கோடி பவுண்டு கொடுக்கப்பட்டது. அடிமைகளுக்கு அன்று, அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தவர்களுக்கு! அதன் பொருட்டு அரசாங்கம் வாங்கிய கடன் பல பத்திரங்களாக உருமாறி 2015இல்தான் முற்றிலும் தீர்ந்தது. 1846இல் அதே பாராளுமன்றம் சர்க்கரை வரிகளைப் படிப்படியாகச் சமப்படுத்தச் சட்டம் செய்தது. அதனால் அடிமைகள் உழைத்த கியூபாவின் சர்க்கரையும் பிரேசிலின் சர்க்கரையும் பிரிட்டனில் தாராளமாக விற்கலாயின. கியூபாவில் 1886 வரையிலும் பிரேசிலில் 1888 வரையிலும் அடிமைத்தனம் இருந்தது. செஃபீல்ட் பெண்கள் தட்டிய கதவுகளுக்குள்ளேயே அச்சர்க்கரை நுழைந்தது. பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுத்த ஐரோப்பியச் சர்க்கரையும் வந்து குவிந்தது. 1874இல் சர்க்கரை வரி அறவே நீக்கப்பட்டது. ஜாம் ஆலைகள் எழுந்தன. 1900ஆம் ஆண்டையொட்டி ஒருவர் உண்ட சர்க்கரை ஆண்டுக்கு சுமார் 90 பவுண்டு ஆயிற்று. விழா நாளில் பரிமாறிய பண்டம் வார நாளிலும் கிடைத்தது.

விடுதலை பெற்றோர் பழைய தோட்டங்களில் பழைய கூலிக்கு வேலை செய்ய மறுத்தபோது, முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். மொரிஷியஸ் சர்க்கரைக்கு 1825 முதலே பிரிட்டனில் மேற்கிந்தியச் சர்க்கரைக்குச் சமமான வரிச்சலுகை கிடைத்திருந்தது. 1834 நவம்பர் 2ஆம் நாள் அட்லஸ் என்னும் கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் அத்தீவில் இறங்கினர். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலும் கரும்புத் தோட்டத்திற்கே ஆட்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடினார். நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911இலும், பிற நாடுகளுக்கு 1917இலும் நிறுத்தப்பட்டன. மொரிஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் கூலிகள் இறங்கித் தங்கவைக்கப்பட்ட இடத்தை இன்று ஆப்பிரவாசி காட் என்கின்றனர். 2006இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 1834க்கும் 1920க்கும் இடையே அவ்வழி வந்த இந்தியர் 5 லட்சத்தை நெருங்குவர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் அவர்களுள் இருந்தனர். பழைய கட்டடத்தில் ஒரு பகுதியே மிஞ்சியுள்ளது. கரையிலிருந்து அவர்கள் ஏறிய கற்படிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.